லயத்துக் கதவைத் தட்டியவர்கள்

பட்டிப்பொலையைத் தாண்டியதும் ரயில் இறங்கத் தொடங்குகிறது. இலங்கை ரயில் பாதையின் மிக உயரமான நிலையம் அது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர். அடுத்து வரும் சுரங்கத்துக்கு மேற்கே தூறல் என்றால் கிழக்கே வெயில் என்பது இந்தப் பாதையில் போய்வருகிறவர்களின் பழைய பேச்சு. கொஞ்சம் மிகை, ஆனாலும் ஊவா மாகாணத்தின் இயல்பைச் சொல்ல அதைவிடச் சுருக்கமான வழி இல்லை. மத்திய மலைத்தொடர் தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தைத் தன் பக்கமே இறக்கிவைத்துக்கொண்டு, வறண்ட காற்றைத்தான் கிழக்கே அனுப்புகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை அந்தக் காற்றில் வாடி நிற்கும் கொழுந்துதான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மணம் வாங்கிக் கொடுத்தது. ஹப்புத்தளையில் மலைமுதுகு ஒடுங்கிவிடுகிறது. ஒரு பக்கம் ஊவாவின் அலையலையான குன்றுகள். மறுபக்கம் தெற்கே கடலை நோக்கிச் சரியும் சமவெளி. இந்த ஊரின் புனித அந்திரேயர் ஆலயத்தில் வால்டர் ஸ்டான்லி சீனியரின் அஸ்தி வைக்கப்பட்டிருக்கிறது. கண்டி டிரினிட்டி கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஆங்கிலேய மிஷனரி, கவிஞர். 1938-ல் இங்கிலாந்தில் இறந்த பிறகும் இந்த மலைக்குத் திரும்பி வந்தவர். சற்றுத் தள்ளி, தோட்டத்துரை சர் தாமஸ் வில்லியர்ஸ் 1931-ல் கட்டி முடித்த அடிஷாம் மாளிகை. இன்று பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். துரையின் வீடு மடமாகிறது, மிஷனரியின் சாம்பல் மலைக்கு வருகிறது. இந்த மலைகளில் பிரசங்கமும் பயிரும் எவ்வளவு நெருங்கி வாழ்ந்தன என்பதற்கு ஹப்புத்தளைக்கு அப்பால் சாட்சி தேடவேண்டியதில்லை.

வெப்பமண்டலத் தீவுக்குப் போன இளம் மிஷனரியைப் பற்றி மேற்கில் ஒரு தனி எழுத்து வகையே உண்டு. அதன் இன்றைய நாயகர்கள் பெரும்பாலும் மோர்மன் இளைஞர்கள். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, மார்பில் கறுப்புப் பெயரட்டை, எப்போதும் இருவர் இருவராக நடை. 2012-ல் புறப்படும் வயது ஆண்களுக்கு 18, பெண்களுக்கு 19 என்று குறைக்கப்பட்டது. பணிக்காலம் ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். காலை ஆறரைக்கு எழவேண்டும், இரவு பத்தரைக்குப் படுக்கவேண்டும். இடையில் வேத வாசிப்பு, மொழிப் பயிற்சி, தெருத்தெருவாகக் கதவு தட்டுதல் என்று நேரம் பகுக்கப்பட்டிருக்கும். துணையைவிட்டுத் தனியே போகக் கூடாது. 2019 வரை வீட்டாரோடு தொலைபேசியில் பேச ஆண்டில் இரண்டே நாட்கள், கிறிஸ்துமஸும் அன்னையர் தினமும். இப்போது வாரம் ஒருமுறை. செலவும் பெரும்பாலும் அவரவர் குடும்பத்துடையது. பத்தொன்பது வயதுப் பிள்ளை முன்பின் தெரியாத ஊரில் நாள் முழுதும் மூடிய கதவுகளைப் பார்த்துவிட்டு, இரவில் நாட்குறிப்பு எழுதுகிறான். பின்னாளில் அது புத்தகமாகிறது. இவற்றில் பலவும் நேர்மையானவை. ஆனால் எல்லாவற்றிலும் சொல்லாமலே எடுத்துக்கொள்ளப்பட்ட ஒன்று இருக்கிறது: தட்டப்படும் கதவு உள்ளே இருப்பவருக்குச் சொந்தம்; திறப்பதும் சாத்துவதும் அவர் இஷ்டம். ஊவாத் தோட்டங்களில் அந்த அடிப்படையே கிடையாது. ஆகவேதான் இங்கே மிஷனரியின் அன்றாடம் வேறாக அமைந்தது. அவருடைய பக்தியைவிட, சபையின் கையேட்டைவிட, கதவின் உடைமையே அதைத் தீர்மானித்தது என்று வாதிட இந்த மலைகளில் போதிய சான்று இருக்கிறது.

மோர்மன்கள் இந்தத் தீவுக்கு வந்த கதையும் அந்த வாதத்துக்குள்தான் வருகிறது. 1852 ஆகஸ்டில் சால்ட் லேக் நகரத்தில் நடந்த மாநாட்டில் நூறு பேரளவில் உலகின் பல மூலைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் சயாம் நாட்டுக்கென்று நியமிக்கப்பட்ட சான்சி வெஸ்ட், பெஞ்சமின் டூயி இருவரும் கல்கத்தா வந்து, சயாமுக்கு வழி கிடைக்காமல் 1853-ல் இலங்கை சேர்ந்தார்கள். கையில் காசு வைத்துக்கொள்ளாமல், கேட்பவர் தரும் உணவிலும் இடத்திலும் வாழ்வது அக்கால மோர்மன் பிரசாரகர்களின் நெறி. அமெரிக்கக் கிராமங்களில் அது நடந்தது. குடியானவன் தன் வீட்டில் யாரை இராத்தங்க விடுவதென்று தானே முடிவு செய்தான். இலங்கையில் ஐரோப்பியர் இவர்களை ஏற்கவில்லை. பலதாரமணத்தைப் பற்றிய செய்திகள் இவர்களுக்கு முன்னே கப்பலேறி வந்துவிட்டிருந்தன. ஐரோப்பியரின் தயவில்லாமல் நாட்டு மக்களிடம் போக வழியும் மொழியும் இல்லை. சொல்லத்தக்க பலன் எதுவுமின்றி அவர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். மறு ஆண்டு, 1854-ல், இதே தீவின் மலைநாட்டில் வேறொரு மிஷன் தொடங்குகிறது. அதற்குக் கதவைத் தட்டவேண்டிய தேவையே எழவில்லை. கதவுக்கு உரியவர்களே அதைக் கூப்பிட்டார்கள்.

தமிழ்க் கூலி மிஷன் என்று அதற்குப் பெயர். காப்பித் தோட்டத் துரைமார் சிலர் முன்முயற்சி எடுத்து, உபதேசியார்களின் சம்பளத்தைத் தாங்கள் தருவதாகவும், மேற்பார்வைக்கு ஒரு வெள்ளைக்கார மிஷனரியைச் சர்ச் மிஷனரி சங்கம் தரவேண்டும் என்றும் ஏற்பாடு செய்தார்கள். ஆட்கள் திருநெல்வேலியிலிருந்து வந்தார்கள். மிஷனரி ரேனியஸ் காலம் முதல் அங்கே வளர்ந்திருந்த திருச்சபையில் படித்துத் தேறிய உபதேசியார்கள் அனுப்பப்பட்டார்கள். திருநெல்வேலியில் பணியாற்றித் தமிழ் அறிந்திருந்த செப்டிமஸ் ஹாப்ஸ் 1855-ல் முதல் மேற்பார்வையாளராக வந்தார். இந்த மலைகளின் இளம் மிஷனரி யார் என்று கேட்டால், நியாயமாக முதலில் சொல்லவேண்டியது இந்த உபதேசியார்களைத்தான். சங்கத்தின் அறிக்கைகளில் அவர்கள் தலைக்கணக்காக வருகிறார்கள். நாட்குறிப்பு எழுதிப் புத்தகமாக்கும் வசதி அவர்களுக்கு இல்லை. தாமிரபரணிக் கரையிலிருந்து வந்தவருக்கு இந்தக் குளிரும் அட்டைக்கடியும் ஐரோப்பியருக்கு இருந்த அளவுக்கே அந்நியம். போதாததற்கு, பேசப்போன மக்களுக்கும் அவர் ஊரார் அல்லர். தோட்டத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, ஆற்காட்டுச் சீமைகளைச் சேர்ந்தவர்கள். பள்ளர், பறையர், சக்கிலியர் என்று சாதியால் அடியில் நிறுத்தப்பட்டவர்களே அதிகம். தமிழ் ஒன்று என்றாலும் பேச்சு வேறு, குலதெய்வம் வேறு, யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பது என்ற கணக்கும் வேறு. ‘சொந்த மக்களிடையே ஊழியம்’ என்று தூரத்திலிருந்து சொல்லிவிடலாம். கிட்டப்போனால் அது இன்னொரு வகை அந்நிய தேசப் பயணம்தான்.

உபதேசியாரின் நாள் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை ஊகிக்கத் தோட்டத்தின் நாளைத் தெரிந்துகொண்டால் போதும். இருள் பிரிவதற்கு முன் தப்பு அடிபடும். பெரட்டுக் களத்தில் ஆட்கள் நிற்பார்கள்; கங்காணி எண்ணுவான்; கணக்கப்பிள்ளை பேர் பதிவார்; துரை எந்த மலைக்கு எத்தனை பேர் என்று பிரித்து அனுப்புவார். தாமதமானால் அரைப்பேர், வாய் கொடுத்தால் அதுவும் இல்லை. மாலையில் நிறுவை முடிந்து, விறகு பொறுக்கி, தண்ணீர் சுமந்து, அடுப்பு மூட்டியபின் மிஞ்சும் நேரமே மக்களுடையது. ஆகவே உபதேசியார் பேசக்கூடிய இடங்கள் மூன்று: வேலைக்கு முன் பெரட்டுக் களம், ஓய்வு நாளில் ஸ்டோர் எனப்படும் தொழிற்கூடம், இரவில் லயத்து வாசல். முதல் இரண்டும் துரையுடையவை. லயமும் துரையுடையதுதான். பத்தடிக்குப் பத்தடியைச் சற்றுத் தாண்டும் காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டிய வரிசையில், ஒரு குடும்பம் இன்னாரைத் தன் வாசலில் உட்கார்த்தி வைக்கலாம், வைக்கக் கூடாது என்பது தோட்ட நிர்வாகத்தின் பார்வைக்கு உட்பட்டது. துரையின் அனுமதியோடு, துரை தரும் சம்பளத்தில், துரையின் களத்தில் நின்று பேசும் ஒருவரை, ‘வேண்டாம், போங்கள்’ என்று சொல்லக்கூடிய நிலையில் கேட்பவர்கள் இல்லை. கேட்டுக்கொண்டு நின்றார்கள். அந்த மௌனத்தை மிஷன் அறிக்கைகள் பல நேரம் ஆர்வம் என்று எழுதிக்கொண்டன. மோர்மன் இளைஞனுக்கு முகத்தில் அடித்தாற்போல் சாத்தப்படும் கதவு வேதனைதான். ஆனால் அதில் ஒரு தெளிவு இருக்கிறது. இல்லை என்பதற்கு இல்லை என்றே பொருள். உபதேசியாருக்கு அந்தத் தெளிவு ஒருபோதும் கிடைக்கவில்லை.

துரைமார் எல்லோரும் கபடர்கள் என்று இதற்குப் பொருளல்ல. உண்மையான பக்தியோடு பணம் கொடுத்தவர்கள் இருந்தார்கள். ஆங்கிலிக்கன், பிரஸ்பிடேரியன் என்ற பேதம் பாராமல் கொடுத்தார்கள். ஆனால் ஒருவரை உள்ளே விடும் உரிமையின் இயல்பு, வேறொருவரை வெளியே நிறுத்தும்போதுதான் தெரியவரும். பத்திரிகையாளரும் தொழிற்சங்கவாதியுமான கோ. நடேசய்யர் தோட்ட மக்களின் நிலையைப் பார்க்கப் புடவை வியாபாரி வேடத்தில்தான் லயங்களுக்குள் போகவேண்டியிருந்தது. பத்திரிகையாளன் என்றோ தொழிற்சங்கக்காரன் என்றோ போனால் அத்துமீறல் சட்டம் காத்திருந்தது. தோட்டத் தொழில் பழக வந்த ஆஸ்திரேலிய இளைஞன் பிரேஸ்கேர்டில் 1937-ல் தொழிலாளர் கூட்டங்களில் பேசினான் என்பதற்காக நாடுகடத்தும் ஆணையே பிறந்தது. உச்ச நீதிமன்றம்தான் அதைத் தடுத்தது. கடல் கடந்து வந்த வெள்ளைக்கார இளைஞன் மேடையேறி மறுவுலகைப் பற்றிப் பேசினால் ஸ்டோர் திறந்துவிடப்படும். சம்பளத்தைப் பற்றிப் பேசினால் கப்பல் ஏற்றப்படுவான். ‘மதப்பிரசாரம் வேறு, தொழிற்சங்கம் வேறு, இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா?’ என்று கேட்கலாம். வைக்கத்தான் வேண்டும். பிரசாரகருக்கு எது பேசத் தகும், எது தகாது என்று வரம்பு கட்டியவர் அவருடைய ஆண்டவர் அல்லர், தோட்டத்தின் சொந்தக்காரர் என்பதுதான் இங்கே பொருட்படுத்தவேண்டிய சங்கதி.

ஹப்புத்தளையிலிருந்து தியத்தலாவை இறக்கம். 1900-ல் தென்னாப்பிரிக்கப் போரில் பிடிபட்ட போயர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து அடைத்த இடம். இன்று ராணுவப் பயிற்சி முகாம். இந்த வட்டாரம்தான் வெஸ்லியன் மிஷனரி சாமுவேல் லாங்டன் எழுதிய ‘ஹாப்பி வேலி’யின் களமும். கண்டியில் 1879-ல் பெண்கள் உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கிய அதே லாங்டன், பின்னர் ஊவாவுக்கு வந்து, இங்கே தொடங்கிய பணியைப் பற்றி 1890-ல் அந்தப் புத்தகத்தை வெளியிட்டார். அவர் முதன்மையாகக் கண்ணில் கொண்டது சிங்களக் கிராமங்களை. அங்கே வயலும் வீடும் குடியானவனுடையவை; விகாரையும் அதன் பிக்குவும் எட்டும் தூரத்தில். வேண்டாம் என்று கிராமம் சொல்ல முடிந்தது, சொல்லவும் சொன்னது. எனவே மிஷன் பேச்சைக் குறைத்துக்கொண்டு, பெற்றோர் விரும்பிக் கேட்கக்கூடிய பள்ளிக்கூடம், தொழிற்பயிற்சி, மருந்து போன்றவற்றைக் கையில் எடுத்தது. அதே மலை, அதே காலம், அதே போதனை. கதவின் உடைமை மாறியதும் மிஷனரியின் வேலைத்திட்டமும் மாறிவிட்டது. பண்டாரவளை நகரைச் சுற்றி நிற்கும் பெயர்பெற்ற மிஷன் பள்ளிகள் பலவும் அந்த மறுக்கும் உரிமையின் பிள்ளைகள் என்று சொன்னால் ஆசிரியர்கள் கோபிக்கலாம். கோபித்தாலும் உண்மை.

எல்லவில் பயணிகளின் கூட்டம் ஒன்பது வளைவுப் பாலத்தைப் படமெடுக்க இறங்கிவிடும். தெமோதரையில் ரயில் தன் பாதையின் அடியிலேயே சுற்றி நுழைகிறது. ஹாலிஎலையை நெருங்கும்போது, மேலே சொன்ன வாதத்துக்கு எதிராக வரக்கூடிய வலுவான ஆட்சேபம் எழுந்து நிற்கிறது: அந்த உபதேசியார்கள் இல்லாவிட்டால் தோட்டப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது யார்? நியாயமான கேள்வி. 1920-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டங்களில் பள்ளி நடத்துவதைக் கட்டாயமாக்கும்வரை, அரிச்சுவடி இங்கே பெரும்பாலும் மிஷன் கையில்தான் இருந்தது. அதற்குப் பிறகும் பல தோட்டங்களில் பள்ளி என்பது ஓர் அறை, ஓர் ஆசிரியர், பல வகுப்புகள். அந்த ஒற்றை ஆசிரியரே ஞாயிறு ஜெபத்தையும் நடத்தினார். இந்த வட்டாரத்தின் ஊவா கட்டவளைத் தோட்டத்தில் ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியரின் வீட்டில்தான் 1934-ல் தெளிவத்தை ஜோசப் பிறந்தார். கத்தோலிக்கக் குடும்பம், பின்னர் பதுளை புனித பேதா கல்லூரியில் படிப்பு, தெளிவத்தைத் தோட்டத்தில் வேலை. ‘காலங்கள் சாவதில்லை’, ‘நாமிருக்கும் நாடே’ என்று மலையகத்தின் வாழ்வைத் தமிழ் இலக்கியத்தில் அழியாமல் பதித்தவர். லயத்தில் பிறந்த நூறு பேருக்கு இல்லாத ஒன்று ஆசிரியர் வீட்டில் இருந்தது: புத்தகம்.

ஆட்சேபத்தை இந்த அளவுக்கு ஏற்றுக்கொண்ட பிறகும், அது எதை நிறுவுகிறது என்று பார்க்கவேண்டும். மிஷன் வெற்றி பெற்ற இடம் துரைக்குப் பெரிய ஆர்வமில்லாத இடம். குழந்தைகள் ஒரு கொட்டகையில் அடங்கியிருந்தால் தாய்மார் நிம்மதியாகக் கொழுந்து பறிக்கலாம். அதற்குமேல் அங்கே என்ன கற்பிக்கப்படுகிறது என்று பங்களாவில் பெரும்பாலும் யாரும் கவலைப்படவில்லை. மேற்பார்வை தளர்ந்த அந்த இடுக்கில்தான் உபதேசியார் வாத்தியாரானார்; பிரசங்கத்தால் நுழைய முடியாத மனங்களில் எழுத்து நுழைந்தது. தோட்டத்தில் எழுதப்படிக்கத் தெரிந்தவன் பற்றுச்சீட்டை வாசிப்பான், கடன் கணக்கைக் கேட்பான், ஊருக்குக் கடுதாசி போடுவான். துரைமாரில் சிலர் படிப்பையே சந்தேகத்தோடு பார்த்ததற்கு அதுதான் காரணம். அவர்கள் சந்தேகப்பட்டது சரியென்று காலம் காட்டியது. எழுபதுகளில் தோட்டப் பள்ளிகளை அரசு ஏற்றுக்கொண்டபோது மிஷனிடமிருந்து வந்துசேர்ந்தவற்றில் பல ஒழுகும் கூரைகள்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நன்றி சொல்லும்போது கணக்கை மறந்துவிடக் கூடாது.

ரயில் பாதை 1924-ல் பதுளையோடு முடிந்துவிட்டது. அதற்கப்பால் தண்டவாளம் போகவேயில்லை. முத்தியங்கன விகாரையின் வெண்ணிறத் தாதுகோபமும் கதிர்காமத் தேவாலயமும் இந்த ஊரின் பழைய பதிவுகள். அவற்றுக்குப் பின்னால் வந்தது புனித மாற்கு ஆலயம், 1857-ல் எழுந்தது. அது நினைவுகூரும் மேஜர் தாமஸ் ரோஜர்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயரெடுத்தவர். 1845-ல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். யானைகளின் சாபம் என்று ஊரார் சொன்னதும், ஆலயம் கட்டி ஆங்கிலேயர் நினைவுகூர்ந்ததும் ஒரே மனிதரைத்தான். பதுளைக்குக் கிட்டவுள்ள வெவெஸ்ஸ தோட்டம் 1940 மே மாதத்தில் நாடு முழுவதும் பேசப்பட்டது. சமசமாஜக் கட்சியின் சங்கத்தில் சேர்ந்த தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி, தோட்டத்தின் அன்றாடத்தையே சில காலம் தம் கையில் வைத்துக்கொண்டார்கள்; தடையையும் மீறி அக்கட்சியின் தலைவர் என். எம். பெரேரா பதுளையில் பெருங்கூட்டத்தில் பேசினார். எண்பத்தைந்து ஆண்டுகளாக இந்தத் தோட்டங்களில் பேசிக் கொண்டிருந்த மிஷனின் குரலை அந்த வாரங்களில் யாரும் எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. துரையின் அனுமதியோடு வந்தவர் துரையை எதிர்த்து எழும் நேரத்தில் எங்கே நிற்பது என்று தெரியாமல் போவது இயல்புதானே.

இங்கே இன்னோர் ஆட்சேபம் உண்டு, முந்தியதைவிட நுட்பமானது. மாரியம்மன் கோயிலும் துரையின் அனுமதியோடுதான் கட்டப்பட்டது. திருவிழாவுக்குப் பெரட்டில் பேர்க்காசு பிடித்தார்கள். முதல் மரியாதை துரைக்கே போனது. அனுமதிதான் மதத்தைச் சாகடிக்கும் என்றால், மாரியம்மன் ஏன் தழைத்தாள்? காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கதையும் ஏன் தோட்டந்தோறும் வாழ்ந்தன? பதில், அவள் வெளியிலிருந்து வரவில்லை என்பதில் இருக்கிறது. மன்னாரிலிருந்து காட்டுவழி நடந்து, பாதி வழியில் பேதியில் பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வந்த மக்களின் மூட்டையோடு வந்தவள் அவள். அம்மை, வாந்திபேதி என்று அவர்கள் அஞ்சிய நோய்களுக்கே உரிமைக்காரி. அவள் பேரைச் சொல்லித்தான் ஆண்டில் சில நாள் விடுமுறையை மக்கள் வாங்கினார்கள். உபதேசியார் துரையின் நேரத்தில் பேசினார். மாரியம்மன் துரையின் நேரத்தைப் பறித்துக் கொடுத்தாள். இதைச் சொல்லும்போது கோயிலை உயர்த்திப் பிடிக்கத் தேவையில்லை. கரகம் யார் தூக்குவது, தப்பு யார் அடிப்பது, யார் எல்லையோடு நிற்பது என்ற சாதி வரிசையை அது ஊரிலிருந்து அப்படியே கொண்டுவந்தது. கங்காணியின் அதிகாரம் அங்கே பூசிக்கப்பட்டது. உபதேசியாரின் ஜெபக்கூட்டத்தில் எல்லோரும் ஒரே பாயில் உட்காரவேண்டும் என்பது, கொள்கையளவிலாவது, அதைவிடப் பெரிய பேச்சு. அந்தப் பேச்சு எடுபடாமல் போனதற்குக் காரணம் அதைச் சொன்னவர் நின்ற இடம்.

நின்ற இடம் மாறினால் என்னவாகும் என்பதற்கு இன்றைய பசறை, மடூல்சீமை, நமுனுகுலப் பக்கத்துத் தோட்டங்களே விடை. பழைய மிஷன் ஆலயங்களுக்கு அப்பால், இப்போது லயத்துக் காம்பராவிலும் தகரக் கொட்டகையிலும் பெந்தெகொஸ்தே சபைகள் கூடுகின்றன. போதகர் பெரும்பாலும் அதே தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய தாய் கொழுந்து பறித்தவள். அவருக்கு வெள்ளைக்கார மேற்பார்வையும் இல்லை, துரையின் சம்பளமும் இல்லை. தசமபாகம் கொடுப்பதும் விட்டுவிட்டுப் போவதும் கேட்பவர் இஷ்டம். கசிப்புச் சாராயத்துக்குக் கூலியைக் கொட்டும் கணவனை ஒரு சபை மாற்றியது என்று ஒரு பெண் நம்பினால், அவள் மறுநாள் பக்கத்துக் காம்பராக்காரியை அழைத்து வருகிறாள். இதனால் குடும்பங்கள் பிரிவதும், கோயில் திருவிழாவில் சண்டை வருவதும் உண்டு. எதிர்ப்பு தெருவோடு நின்றுவிடவில்லை. 2003-ல் மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையைச் சட்டப்படி நிறுவும் மசோதாவைப் பரிசீலித்த உச்ச நீதிமன்றம், மதத்தைப் பின்பற்றும் உரிமை அரசியலமைப்பில் உண்டு, பரப்பும் உரிமை அப்படி இல்லை என்ற பொருளில் தீர்ப்பளித்தது, 2005-ல் ஐ. நா. மனித உரிமைக் குழு அதை உரிமை மீறலாகக் கண்டது. 2004-ல் மதமாற்றத் தடை மசோதாவும் நாடாளுமன்றம்வரை வந்தது. ஏழையின் வறுமையைப் பயன்படுத்தி மதம் மாற்றுகிறார்கள் என்பதே இந்த எதிர்ப்பின் சாரம். கவலை பொய்யல்ல. ஆனால் அது ஏழைக்கு முடிவெடுக்கத் தெரியாது என்ற அனுமானத்தின்மேல் நிற்கிறது. பழைய துரையும் அதே அனுமானத்தின்மேல்தான் நின்றார்.

பசறையிலிருந்து மொனராகலைக்கு இறங்கினால் தேயிலை விலகி, ரப்பர் வந்து, அதுவும் விலகி உலர்ந்த காடும் கரும்பும் வருகின்றன. ஊவா மாகாணத்தின் தாழ்நிலப் பாதி இது. 1972-ல் பதுளைக்கென்று தனிக் கத்தோலிக்க மறைமாவட்டம் உருவானபோது, கண்டியின் ஆயராக இருந்த லியோ நாணயக்கார அந்த வசதியான இருக்கையை விட்டுவிட்டு இந்த ஏழை மறைமாவட்டத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் பண்டாரவளையில் தொடங்கிய சேவக செவண குருமடத்தில் கற்பித்தவர் அமலமரித் தியாகிகள் சபையின் மைக்கேல் ரொட்ரிகோ. ரோமிலும் பாரிசிலும் முனைவர் பட்டம் பெற்றவர். 1980-ல் புத்தளையருகே அலுகல்லவித்த என்ற முற்றிலும் பௌத்தக் கிராமத்தில் ‘சுப செத் கெதர’ என்று ஒரு சிறு வீட்டை அமைத்துக்கொண்டு குடியேறினார். யாரையும் மதம் மாற்றுவதில்லை என்பது அங்கே நிபந்தனை; பிக்குகளோடு பேச்சு, நாட்டு மருந்து, வேளாண்மை, சர்க்கரை ஆலைக்காக நிலமிழக்கும் விவசாயிகளின் பக்கம் நிற்பது, இவைதான் நாட்களை நிரப்பின. ‘மதம் மாற்றாத ஒருவரை மிஷனரி என்று சொல்வது எப்படி?’ என்று கேட்பவர்கள் உண்டு. வெஸ்டும் டூயியும் கேட்டிருப்பார்கள். திருநெல்வேலி உபதேசியாரும் கேட்டிருப்பார். ஆனால் இந்த மலைகளைச் சுற்றி வந்த பிறகு கேள்வியை வேறு விதமாக வைக்கத் தோன்றுகிறது. இந்த மாகாணத்தில் அந்நியராக வந்த ஒரு பிரசாரகரைப் போகச் சொல்லும் அதிகாரம் ஊராரிடம் முழுதாக இருந்த இடம் அலுகல்லவித்த. அவர்கள் சொல்லவில்லை. அவரை அகற்ற விரும்பியவர்கள் வேறு யாரோ. மிரட்டல்கள் வந்தன, போவதா, இருப்பதா என்று அந்தச் சிறு குழு ஆலோசித்துக்கொண்டிருந்த நாட்களில், 1987 நவம்பர் 10 அன்று மாலை திருப்பலியின் இறுதியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அங்கிருந்து வெல்லவாய வழியாக மீண்டும் மலையேறினால் கொஸ்லந்தை. 2014 அக்டோபர் 29 காலையில் மீரியபெத்தத் தோட்டத்தின் லயங்கள் மலைச்சரிவில் மண்ணோடு போனது இங்கேதான். ஆபத்தான இடம் என்று கட்டட ஆய்வு நிறுவனம் 2005-லும் 2011-லும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கையைக் கேட்டு எழுந்து போக, போவதற்கு வேறு இடம் மக்களுக்கு இல்லை. ஏழு தலைமுறை வாழ்ந்த காம்பராவும் அவர்களுடையதல்ல. 1948-ன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964-ன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. எஞ்சியவர்களின் குடியுரிமைச் சிக்கல் தீர 2003 வரை ஆனது. இவ்வளவுக்கும் பிறகும் வீட்டின் கீழுள்ள மண் தோட்டத்துடையது. அண்மை ஆண்டுகளில் 7 பேர்ச் காணியில் தனி வீடும் உறுதிப் பத்திரமும் கொடுக்கும் திட்டம் மெல்ல நடக்கிறது. பூனாகலைப் பக்கம் மீரியபெத்த மக்களுக்கும் புதிய வீடுகள் எழுந்தன. வீடு கைக்கு வந்தும் உறுதி வராதவர்கள் இன்னும் பலர். எது எப்படியோ, தட்டுகிறவரைத் தாங்களே உள்ளே அழைக்கவும் வாசலோடு திருப்பி அனுப்பவும் கூடிய குடும்பங்கள் இந்தத் தோட்டங்களில் இப்போதுதான் தோன்றத் தொடங்கியிருக்கின்றன. சபைக்காரரும் கோயில் கமிட்டியும் சங்கத் தலைவரும் வங்கிக் கடன் முகவரும் அந்த வாசலில் வரிசையாக வருகிறார்கள். எல்லோருக்கும் அங்கே நின்று காரணம் சொல்லவேண்டியிருக்கிறது.